நான் சுவரைத்தான் பிடித்தேன்

சாப்பிடு தம்பி. டப்பாவை மூடாதே. நான் புகார் கொடுக்க வரவில்லை. நாற்காலி வேண்டாம், நிற்கிறேன். ஒரே ஒரு வார்த்தைதான். அதையும் நீ என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தேரடிக்குப் பின்னால் என் மச்சினன் திரவியம் வீடு இருக்கிறது. அங்கே வந்து, வாசலில் நின்றபடியே, “நேத்து மத்தியானம் இந்தத் தெருவுல கரண்ட நாங்கதான் நிறுத்துனோம்” என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டு நீ பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆட்டோ வெளியே நிற்கிறது.

எதற்கு என்று கேட்காதே.

சரி, கேட்டுவிட்டாய். என் வீட்டுக்காரி சொர்ணம் இன்று சாயங்கால ரயிலில் ஓசூர் போகிறாள். மகள் வீட்டுக்கு. நாலு நாள் இருந்துவிட்டு வருவதற்கு இல்லை. ஒரேயடியாக. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பை கட்டியாகிவிட்டது. ரேஷன் கார்டில் பேரை மாற்றவேண்டுமா என்று மகளிடம் போனில் கேட்டாளாம். இதெல்லாம் திரவியம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவள் பேசவில்லை.

காரணம் என்ன தெரியுமா? நேற்று படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேனாம்.

நான் தொடவில்லை. சுவரைத்தான் பிடித்தேன். செருப்பு மாட்டும்போது மனுஷன் சுவரைப் பிடிக்கமாட்டானா? அந்த நேரம் பார்த்து உங்கள் கரண்ட் போனால் அதற்கு நானா பொறுப்பு? அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். நீ கரண்ட் ஆபீஸ்காரன். காக்கிச் சட்டை போட்டிருக்கிறாய். நீ சொன்னால் நம்புவாள்.

என்ன சிரிப்பு? ஒரு படத்துக்காக எவளாவது புருஷனை விட்டுப் போவாளா என்கிறாயா? நானும் அதைத்தான் கேட்கிறேன்.

நான் பால்வண்ணம். கண்டக்டர் பால்வண்ணம் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டுப்பார். அரசாங்க வண்டி. மலையடிவாரம் வரைக்கும் போகிற ரூட்டு. ரிட்டயர்டு ஆகிற அன்றுவரை என் வண்டி லேட்டாகப் போனது கிடையாது. எப்படி? ஒரே ஒரு விதிதான். ஸ்டாப் வருவதற்கு முன்னால் எழுந்திருக்கவேண்டும். வண்டி நின்ற பிறகு எழுந்து, பையைத் தேடி, பிள்ளையைத் தேடி, ஒற்றைச் செருப்பைத் தேடி இறங்குகிறவனால்தான் நாடு இப்படி இருக்கிறது. “எறங்குறவங்க எந்திரிச்சு வாங்க, எந்திரிச்சு வாங்க” என்று நான் ஒரு மைலுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவேன். வண்டித் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. டிரைவர் பிரேக்கில் கால் வைப்பார். எல்லாரும் வாசலில் நிற்பார்கள். இறங்கு, அடுத்த ஆள் ஏறு, போ.

அந்தப் பழக்கம் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் மோர் வருவதற்கு முன்னால் இலையை மூடிவிடுவேன். கை கழுவுகிற இடத்தில் கூட்டம் இருக்காது. நல்ல பழக்கம்தானே? நீயே சொல்.

சினிமாவும் அப்படித்தான். நீ சின்னப் பையன், உனக்கு சைக்கிள் ஸ்டாண்டு தெரியாது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஆயிரம் சைக்கிளை ஒன்றோடு ஒன்று சொருகி வைத்திருப்பான். படம் விட்டதும் அத்தனை பேரும் ஓடிவருவான். உன் சைக்கிள் பெடல் இன்னொருவன் கம்பிக்குள் மாட்டியிருக்கும். அதை உருவி எடுப்பதற்குள் மறு ஆட்டம் ஆரம்பித்துவிடும். அதனால் கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது எழுந்துவிடவேண்டும். புத்தி உள்ளவன் அப்படித்தான் செய்வான்.

கல்யாணமான புதிதில் சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு படத்துக்குப் போனேன். படத்துப் பேர் வேண்டாம், நடித்தவன் பேரும் வேண்டாம். உங்கள் வீட்டில் அவன் படத்தை மாட்டி வைத்திருப்பீர்கள், அப்புறம் நீ என்னோடு வரமாட்டாய். சுருட்டைமுடிக்காரன் என்று வைத்துக்கொள். அவன் டாக்டர். நல்ல பெண்டாட்டி. தங்கச்சிக்காரி ஒருத்தி கோள்மூட்டுகிறாள். இவன் நம்பிவிடுகிறான். பெண்டாட்டியை ஏன் என்று கேட்பதில்லை. பேசுவதையே நிறுத்திவிடுகிறான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

முதல் பாதி நல்ல படம். சும்மா சொல்லக்கூடாது. அந்தக் காலத்துப் படத்திலேயே நல்லது முதல் பாதிதான். ஒரு வீடு இருக்கும். அடுப்படி இருக்கும். ஒருத்தி சோறு போடுவாள், ஒருத்தன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவான். நம் வீடு மாதிரியே இருக்கும். இடைவேளைக்குப் பிறகுதான் கெடும். மலையில் வீடு வந்துவிடும். வில்லன் இடத்தில் கலர் பல்பு எரியும். கண் தெரியாதவனுக்குக் கண் தெரிந்துவிடும். கடைசிப் பத்து நிமிஷம் எழுதுவதற்கு மட்டும் வேறு எவனையோ கூலிக்குப் பிடித்த மாதிரி இருக்கும். போலீஸ் ஜீப் வந்ததா, எல்லாரும் வரிசையாக நின்று சிரித்தார்களா, அவ்வளவுதான்.

எல்லாப் படமும் அப்படியா என்று கேட்காதே. எல்லாமும் அப்படித்தான். பார்த்துத்தான் தெரியவேண்டுமா?

அந்தப் படத்தில் பெண்டாட்டிக்காரி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் ஓரம். மடியில் பிள்ளை. டாக்டர் ஓடிவருகிறான். ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறான். வாயைத் திறக்கிறான். ரயில் ஊதுகிறது. நான் எழுந்துவிட்டேன். இவள் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள். எப்படி வந்தாள் என்கிறாய், திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வந்தாள். வாசல் படியில் தடுக்கி விழப் பார்த்தாள். நான்தான் தாங்கிப் பிடித்தேன். அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கேட்டாள், “அவன் என்னங்க சொல்லியிருப்பான்?”

“என்னத்தச் சொல்லுவான், வா வீட்டுக்குன்னு சொல்லுவான்” என்றேன்.

“அதை அங்கயே நின்னு கேட்டிருக்கலாமேங்க.”

புதுப் பெண்டாட்டி. என்ன திட்டுவது. சைக்கிளை மிதித்தேன்.

பிறகு வீட்டுக்கு டிவி வந்தது. கறுப்பு வெள்ளை. கதவு வைத்தது, சாவி போட்டுப் பூட்டலாம். எங்கள் தெருவில் முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு ஊரே என் வீட்டில்தான். ஜன்னலில் ஏழெட்டுத் தலை தொங்கும். படம் முடிந்து எல்லாரும் ஒரேயடியாக எழுந்தால் வீடு என்ன ஆகும்? எவன் செருப்பு எவன் காலில் போகும்? அதனால் கடைசியில் கொஞ்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். “எந்திரிச்சு வாங்க, எந்திரிச்சு வாங்க.” எல்லாரும் வரிசையாகப் போவார்கள். முதலில் போனார்கள். அப்புறம் அடுத்த தெருவில் ஒருத்தன் டிவி வாங்கினான். நான் நிறுத்தியதும் அத்தனையும் அங்கே ஓடும், மிச்சத்தைப் பார்க்க. கொஞ்ச நாளில் நேராகவே அங்கே போய்விட்டார்கள். என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள்.

சொர்ணம் எங்கும் ஓடவில்லை. எங்கே ஓடுவாள், இது அவள் வீடு அல்லவா? மறுநாள் குழாயடியில் கேட்டுக்கொள்வாள். ஒருத்தி சொல்வாள், அவன் செத்துப்போனான் என்று. இன்னொருத்தி சொல்வாள், செத்தது அவன் தம்பி என்று. இரண்டையும் கேட்டுக்கொண்டு குடத்தோடு வருவாள். அப்புறம் தானாக ஒன்றை வைத்துக்கொள்வாள். மகளுக்கு அதைத்தான் கதையாகச் சொல்லித் தூங்கவைப்பாள். ஒரு தடவை என் காதாலேயே கேட்டேன். “அப்புறம் அந்த அப்பா திரும்பி வந்தாரா, அம்மா பக்கத்துல உக்காந்து, எந்திரிக்காம முழுசா சாப்பிட்டாரு” என்கிறாள். எந்தப் படத்திலய்யா அப்படி வரும்? அதை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்?

டிவி நாடகமும் பார்த்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை போடுவான். ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு மாடிப்படி. எவன் மாடியிலிருந்து இறங்கினாலும் கெட்ட செய்திதான். அதையும் கடைசியில் நிறுத்திவிடுவேன். பிறகு வந்தது பார், வருஷக்கணக்கில் அழுகிற தொடர், அதுதான் எனக்குப் பிடித்தது. அதில் கடைசியே கிடையாது. எப்போது எழுந்தாலும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது அந்தத் தொடர்கள்தான்.

டப்பாவை மூடிவிட்டாய். சாப்பிட்டாயிற்றா? கை கழுவிவிட்டு வா, போவோம்.

என்ன? நேற்று அந்தத் தெருவில் கரண்ட் போகவில்லையா? உனக்கு எப்படித் தெரியும்? நேற்று நீதான் டூட்டியா?

இருக்கட்டும். டூட்டியில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியுமா? நான் டூட்டியில் இருக்கும்போதே டிக்கெட் எடுக்காமல் எத்தனை பேர் போயிருக்கிறான். நீ முழுசாகக் கேள். கேட்டுவிட்டுச் சொல்.

ரிட்டயர்டு ஆன பிறகு கலர் டிவி. ரிமோட் என் சட்டைப் பையில்தான் இருக்கும். தூங்கும்போதும் இருக்கும். மத்தியானம் பழைய படம் போடுகிற சேனல் ஒன்று இருக்கிறது. சொர்ணம் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். நான் பக்கத்தில் கட்டிலில். சும்மா பார்க்கவிடமாட்டேன், விஷயத்தைச் சொல்வேன். பழைய படத்தில் பஸ் வரும் பார், நிற்பதற்கு முன் ஒரு நம்பர், நின்ற பிறகு இன்னொரு நம்பர். எவனாவது டிக்கெட் வாங்குகிறானா? கண்டக்டர் என்றால் கோமாளி. விசிலை ஊதிவிட்டுப் பாட்டுப் பாடுவான். நாங்கள் அப்படியா இருந்தோம்? பதினாறு வயது என்று சொல்கிறவளுக்கு முப்பத்தைந்து வயது. ஏழை வீட்டில் புதுச்சேலை. மழை பெய்தால் ஹீரோயின் மேல் மட்டும் பெய்யும், பின்னால் மாடு காய்ந்துபோய் நிற்கும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால்தானே அவளுக்குத் தெரியும். “சரிங்க” என்பாள். கீரையைப் பார்த்தபடியே சொல்வாள். நல்ல பொம்பிளை.

ஆடி பிறந்த வாரம், அந்தப் படம் வந்தது. டாக்டர் படம். நான் மறந்துபோயிருந்தேன். இவள் முதல் சீனிலேயே கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் கடைசி வரைக்கும் விடுங்க.”

“என்ன இருக்கு அதுல. வா வீட்டுக்கும்பான். வருவா. மொத்தமா நின்னு சிரிப்பாங்க.”

“அப்படின்னாலும் பாத்துட்டுப் போறேன்.”

ரயில் வந்தது. ஜன்னல் வந்தது. அவன் கம்பியைப் பிடித்தான். ரயில் ஊதியது. எனக்குக் கை நிற்கவில்லை, நியூஸுக்கு மாற்றிவிட்டேன். வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தான். அது முக்கியமான செய்தி, அந்த வாரம் வெங்காயம் ஏறியிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. அழவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தாள். கடைந்தாள். எனக்குச் சோறு போட்டாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். “தம்பி வீட்டுக்குப் போயிட்டு வரேன்” என்றாள். போனவள் வரவில்லை. இப்போது ஆவணி.

நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவேண்டும்? நான் என்ன அடித்தேனா? குடித்தேனா? சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தவன். போன வாரம் திரவியம்தான் போன் பண்ணினான்.

“அத்தான், அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. ஞாயித்துக்கெழம அந்தப் படத்த மறுபடியும் போடுறானாம். நீங்க இங்க வந்து அது பக்கத்துல உக்காந்து கடைசி வரைக்கும் பாக்கணுமாம். பாத்துட்டா அன்னைக்கே ஒங்ககூட கெளம்பிருமாம்.”

“இல்லைன்னா?”

“மக டிக்கெட் போட்டுருக்கா, அத்தான்.”

போனிலேயே எல்லாப் படமும் இருக்கிறதே, தட்டினால் வருமே என்கிறாய். அதை மகள் சுகந்தி அன்றைக்கே சொன்னாள். கடைசி சீனை மட்டும் அனுப்புகிறேன் என்றாளாம். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். தனியாகப் பார்ப்பதற்கு இல்லையாம். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டுமாம். பொம்பிளை வீம்பு. அதே படம், அதே சீன், போனில் பார்த்தால் என்ன, என் பக்கத்தில் பார்த்தால் என்ன? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனாலும் போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். திரவியம் பெண்டாட்டி வடிவு, “வாங்க அண்ணாச்சி” என்று காப்பி கொடுத்தாள். சொர்ணம் டிவிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன்மேல் துண்டை விரித்து வைத்திருந்தாள். நான் வாசல் பக்கம் கிடந்த நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த இடத்துக்கு ஃபேன் காற்று வராது போலத் தெரிந்தது.

அவள் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. நான் வாயைத் திறக்கவில்லை. திரவியத்தைக் கேள். ஒரே ஒரு தடவை அந்த பஸ் நம்பரைச் சொன்னேன். டாக்டர் காதில் குழாயைத் தலைகீழாக மாட்டியிருக்கிறான், அதைச் சொன்னேன். தங்கச்சிக்காரி கட்டியிருக்கிற சேலை அந்த வருஷத்தில் வரவே இல்லை, அதைச் சொன்னேன். வேறு ஒன்றும் பேசவில்லை. விளம்பரம் போடும்போது, “இப்ப கெளம்பினா ரெண்டரை வண்டியப் பிடிக்கலாம்” என்றேன். அது படம் பற்றிய பேச்சே இல்லை.

வடிவுதான் சிரித்தாள். “அண்ணாச்சி, இது சாமி கோயில் மாதிரி. பேசாம உக்காருங்க.” என் வயதென்ன, அவள் வயதென்ன.

இடைவேளைக்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாப் வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும் தம்பி. இருட்டில், மழையில், கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எனக்குத் தெரியும், எந்த வளைவு, எந்தப் பாலம் என்று. அப்படித்தான் தெரிந்தது. படத்தில் பெண்டாட்டிக்காரி பிள்ளையைத் தூக்கினாள். ஸ்டேஷன் வந்தது. ஜன்னல் வந்தது. சொர்ணம் திரும்பி என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்க்காமல் என்னை எதற்குப் பார்க்கவேண்டும்? நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஓடிவந்தான். கம்பியைப் பிடித்தான்.

ரயில் ஊதியது.

நான் எழவில்லை. கால் எழுந்தது. எழுந்துவிட்டால் சும்மா நிற்பதா? செருப்பை மாட்டித் தயாராக நின்றால், படம் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வண்டியைப் பிடிக்கலாம். அவளுக்காகத்தான் எழுந்தேன். வெளியே வந்தேன். இடது செருப்பு மாட்டினேன். வலது செருப்பு வார் திரும்பியிருந்தது. சுவரைப் பிடித்தேன்.

ஃபேன் நின்றது. சத்தம் நின்றது. அவ்வளவுதான்.

அந்தச் சுவரில்தான் மெயின் பெட்டி இருக்கிறது, ஆமாம். அதற்கு நான் என்ன செய்ய? வீடு கட்டியவன் வைத்தான்.

திரவியம் ஓடிவந்தான். என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். லிவரைத் தூக்கினான். கரண்ட் வந்தது. ஆனால் டிவி உடனே வருமா? டிவிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, சிக்னல் தேடுகிறேன் தேடுகிறேன் என்று சொல்லி, ஒரு யுகம் கழித்துத்தான் படத்தைக் காட்டும். காட்டியது. சோப்பு விளம்பரம். அதற்கப்புறம் அடுத்த படத்தின் பேர் போட்டான்.

சொர்ணம் நிலைப்படிக்கு வந்தாள். மடித்த துண்டு கையில் இருந்தது. கோபம் இருந்தால் எனக்குத் தெரியும், கோபம் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஒங்க ஸ்டாப் வந்துருச்சு. எறங்குங்க.”

அது என் வார்த்தை தம்பி. நான் ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை. வீட்டில் அவள் ஒரு நாளும் அப்படிப் பேசினவள் இல்லை.

சரி. இப்போது நீ சொல். தெருவில் கரண்ட் போயிருக்கும். அதே நேரத்தில் திரவியம் லிவரைத் தூக்கியிருப்பான். அதே நேரத்தில் நீங்கள் கரண்டை விட்டிருப்பீர்கள். நடக்காதா? நடக்கும்தானே?

என்ன?

தெருவில் கரண்ட் போனால் லிவர் கீழே இறங்காதா?

தானாகக்கூட இறங்காதா? அந்த வகையில் இறங்காதா? யாராவது கையால் இறக்கினால்தானா?

லேசாகத் தட்டினால் இறங்குமா?

தட்டினேன் என்று நான் சொல்லவில்லை. பிடித்தேன் என்றுதான் சொன்னேன். சரி, தட்டியிருக்கலாம். உள்ளங்கையால். ஸ்டாப் வந்தால் தகரத்தைத் தட்டுகிற கை. அதற்குச் சுவர் எது, பெட்டி எது என்று தெரியுமா? முப்பது வருஷம் தட்டியிருக்கிறது. கவர்ன்மெண்டு கொடுத்த பழக்கம். அதற்கு நான் பழியேற்க முடியுமா? அதற்கு ஓசூர் போவாளா ஒருத்தி?

நீ வரமாட்டாய். தெரிகிறது. பொய் சொல்லமாட்டாய். நல்லது. எல்லாரும் திடீரென்று யோக்கியனாகிவிடுகிறீர்கள்.

சரி, அதை விடு. மணி என்ன? ரயிலுக்கு நேரம் இருக்கிறது. உன்னிடம் வேறு ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை நீ பார்த்திருக்கிறாயா? சுருட்டைமுடிக்காரன், டாக்டர், ரயில்.

இல்லையா. உங்கள் அம்மா? பழைய படம் பார்ப்பார்களா? கொட்டகையிலேயே பார்த்திருப்பார்களா? போன் போடு. இப்போதே போடு. படத்தையே போனில் தேடாதே, உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் இல்லை, வாயால் சொன்னால் போதும். நான் சொல்வதைக் கேள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னான்? அது தெரிந்தால் போதும். நேராக ஸ்டேஷனுக்குப் போகிறேன். சொர்ணம் ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு ஜன்னல் வேண்டும். வெளியே நின்று, “இதான் சொன்னான்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவள் இத்தனை வருஷமாகக் கேட்டது அதுதானே? தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்கு ஓசூர்? பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? போனைப் போடு.

சத்தமாக வை. எனக்குக் கேட்கட்டும்.

அம்மா, வணக்கம்மா. நான் ஒங்க பையன் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். இல்லம்மா, அவனுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாச் சாப்பிட்டு முடிச்சுட்டு உக்காந்திருக்கான். ஒரு படத்தப் பத்தி. ஆமாம்மா, அந்தப் படந்தான்! பாத்திருக்கீங்களா? மூணு தடவையா? நல்லதாப் போச்சு. கடைசில ரயில் ஊதுதே, அதுக்கப்புறம் அவன் என்னம்மா சொல்றான்?

இல்லம்மா, மொதல் பாதி எனக்குத் தெரியும். தங்கச்சி கோள்மூட்டுறது தெரியும். அந்தச் சேலை கூடத் தெரியும். ரயில் ஊதினதுக்கு அப்புறம் மட்டும் சொல்லுங்க.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் வருமா?

தம்பி, உங்கள் அம்மா முதலிலிருந்துதான் சொல்வார்களாம். நடுவில் பேசினால் மறந்துபோகுமாம். இது என்ன கொடுமை. எனக்கு ரயில் இருக்கிறது.

சரிம்மா. சரி. சொல்லுங்க. பேசல. நான் பேசல.

உட்காரச் சொல்லாதே. நின்றால்தான் எனக்குக் காது கேட்கும்.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். கேட்கிறதா? அவனுக்கு என்ன அவசரம். அடிக்காதே என்று சொல்லு தம்பி. இல்லை, நீ போகவேண்டாம். நான் எங்கும் போகவில்லை, இங்கேதான் நிற்கிறேன். நீ ஒன்று செய்.

அந்தக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு.

நீங்க சொல்லுங்கம்மா.